வாக்குரிமையைப் பறித்த வரலாற்றுப் புத்தகங்களும் டுபாய்ஸ் எழுதிய பதிலும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1896ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பின மக்கள் 1,30,334 பேர். 1904இல் அந்தப் பட்டியலில் மிஞ்சியவர்கள் 1,342 பேர். எட்டே ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரின் பெயர் காணாமல் போனது. கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. மக்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போகவும் இல்லை. 1898இல் அந்த மாநிலம் புதிய அரசியல் சட்டம் ஒன்றை எழுதிக்கொண்டது. வாக்களிக்க வேண்டுமானால் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லையென்றால் சொத்து இருக்க வேண்டும் என்றது. இதில் ஏழை வெள்ளையரும் சிக்கிக்கொள்வார்களே என்று இன்னொரு பிரிவையும் சேர்த்தது. 1867 ஜனவரி 1ஆம் தேதியன்று அப்பனுக்கோ பாட்டனுக்கோ வாக்குரிமை இருந்திருந்தால் பேரனுக்கு இந்தச் சோதனை கிடையாது. அந்தத் தேதியில் அங்கே கறுப்பர்களுக்கு வாக்குரிமையே இல்லை. நிறத்தின் பெயரை ஓரிடத்திலும் எழுதாமல் ஒரு நிறத்தாரை மட்டும் வெளியே தள்ளினார்கள்.

இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி யாருடைய வாக்குரிமையையும் மறுக்கக் கூடாது என்று சொல்லும் 15ஆவது திருத்தம் அப்போதும் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருந்தது. 1870 முதல் இருந்தது. அப்படியிருந்தும் நீதிமன்றம், நாடாளுமன்றம், வடமாநிலங்களின் பத்திரிகைகள், திருச்சபைகள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் இந்தத் திருட்டை வேடிக்கை பார்த்தன. ஏன் பார்த்தன என்பதுதான் நம் கேள்வி. அதற்குள் அவர்கள் ஒரு கதையை நம்பியிருந்தார்கள். போருக்குப் பிறகு கறுப்பர் கையில் வாக்கைக் கொடுத்தோம், அவர்கள் ஆட்சியை நாசமாக்கிவிட்டார்கள், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பதே அந்தக் கதை. பின்னர் அதற்கு ஆய்வு என்ற முத்திரையைக் குத்தித் தந்தவர்கள் பேராசிரியர்கள்.

அந்தப் பேராசிரியர்களுக்கு எதிராக ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் எழுதியவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். அரசியல் கட்டுரையாளர், வரலாற்றாசிரியர், சமூகவியலாளர், பத்திரிகை ஆசிரியர். அவர் எழுதியவற்றில் 1935இல் வெளிவந்த 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்ற பெருநூலை மையமாக வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். எழுநூறு பக்கங்களைத் தாண்டும் புத்தகம். நம் தோழர்களில் பலர் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள், அளவைப் பார்த்துத் தள்ளி வைத்திருப்பார்கள்.

யார் இந்த டுபாய்ஸ்

1868 பிப்ரவரி 23இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர், ஆண்டு 1895. ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைத் தடுக்க அமெரிக்கா செய்ததையும் செய்யத் தவறியதையும் ஆராய்ந்த அவருடைய ஆய்வேடு, 1896இல் ஹார்வர்டு வரலாற்று ஆய்வு வரிசையின் முதல் நூலாகவே வெளிவந்தது. அடுத்து ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்து 1899இல் 'தி ஃபிலடெல்ஃபியா நீக்ரோ' நூலை எழுதினார். 1903இல் வந்த 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' என்ற கட்டுரைத் தொகுப்பு அவரை நாடறியச் செய்தது. 1910 முதல் 1934 வரை 'தி கிரைசிஸ்' இதழின் ஆசிரியராக இருந்து கும்பல் கொலைகளுக்கு எதிராக மாதந்தோறும் எழுதினார்.

பட்டமும் புகழும் இருந்தும் வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவரைப் பேராசிரியராக ஏற்கவில்லை. கறுப்பர்களுக்கான அட்லாண்டா பல்கலைக்கழகத்தில்தான் கற்பித்தார். எந்தக் கதவு திறந்தது, எது திறக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

உண்மையில் என்ன நடந்தது

1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர். அது தொடங்கியபோது தென்மாநிலங்களில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். போர் முடிந்ததும் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் பழைய எஜமானர்கள் அதே ஆண்டில் 'கறுப்பர் சட்டங்கள்' என்பவற்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்றைக் கறுப்பர் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து அபராதம் போடுவார்கள். அபராதம் கட்ட முடியாதவரைக் கூலிக்கு விடுவார்கள். விலங்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றால் கட்டினார்கள் என்று சொல்லலாம்.

இதை முறியடிக்கத்தான் 1867இல் மறுசீரமைப்புச் சட்டங்கள் வந்தன. தெற்கில் கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள், பதவிக்குப் போட்டியிட்டார்கள். 1868இல் தென் கரோலினா மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுதக் கூடிய அவையில் 124 உறுப்பினர்கள். அவர்களில் 76 பேர் கறுப்பர். சில ஆண்டுகளுக்கு முன் புத்தகத்தைத் தொட்டால் தண்டனை பெற்ற மக்களின் பிரதிநிதிகள் அங்கே உட்கார்ந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் அரசே இலவசப் பள்ளி நடத்த வேண்டும் என்று எழுதினார்கள். பதவிக்குச் சொத்துத் தகுதி வேண்டாம் என்றார்கள். கடனைக் கட்டாதவரைச் சிறையில் தள்ளும் வழக்கத்தை நீக்கினார்கள். இவற்றால் ஏழை வெள்ளையரும் பயன்பெற்றார்கள்.

அந்த அவையில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவர் இருந்தார். அடிமையாகப் பிறந்தவர். 1862 மே மாதம் ஒரு விடியற்காலையில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் எதிரிப்படையின் 'பிளாண்டர்' என்ற கப்பலைத் தன் குடும்பத்தோடும் தோழர்களோடும் ஓட்டிக்கொண்டுபோய் வடபடையிடம் ஒப்படைத்தவர். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்துக்குப் போன கறுப்பர்கள் மொத்தம் 16 பேர். இருவர் மேலவை உறுப்பினர்கள்.

இந்தக் காலம் பத்தாண்டுகள்கூட முழுதாக நிலைக்கவில்லை. கு கிளக்ஸ் கிளான் போன்ற கும்பல்கள் கறுப்பின வேட்பாளர்களையும் வாக்காளர்களையும் ஆசிரியர்களையும் வேட்டையாடின. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தல் முடிவு பற்றிய தகராறில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊர் நீதிமன்றக் கட்டிடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளைக் கும்பல் தாக்கிக் கொன்றது. சரணடைந்தவர்களையும் சுட்டார்கள். மேல்முறையீட்டில் 1876இல் உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1877இல் அரசியல் பேரம் ஒன்றுக்குப் பிறகு கூட்டாட்சி அரசு தெற்கில் தன் படையைப் பின்வாங்கிக்கொண்டது. பள்ளி கட்டியவர்களும் சட்டம் எழுதியவர்களும் தனித்து விடப்பட்டார்கள்.

துப்பாக்கிக்குப் பின் பேனா

கொலை நடந்த கோல்ஃபாக்ஸில் 1950இல் ஓர் அரசுப் பெயர்ப்பலகை நட்டார்கள். அதில் கொலையைக் 'கலவரம்' என்று எழுதியிருந்தார்கள். அந்த நிகழ்ச்சியோடு தெற்கில் வந்தேறிகளின் கேடுகெட்ட ஆட்சி முடிந்தது என்று பெருமையாகக் குறித்திருந்தார்கள். அந்தப் பலகை 2021 வரை அங்கேயே நின்றது. கொன்றவன் காலம் முடிந்து போனாலும் கொலையை நியாயப்படுத்தும் வாசகம் நின்றுகொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங், ஜான் பர்ஜெஸ் என்ற இரு பேராசிரியர்கள் இருந்தார்கள். டன்னிங்கின் மாணவர்கள் தெற்கு மாநிலங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி ஆய்வு நூல்கள் எழுதினார்கள். ஆவணம் தேடினார்கள், அடிக்குறிப்பு போட்டார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் கறுப்பர்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்ற முடிவு ஆய்வுக்கு முன்பே இருந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களின் கடிதம் அவர்களுக்குச் சான்று. அடிமையாக இருந்தவர் சொன்னது அவர்களுக்குச் சான்றாகத் தெரியவில்லை. மிசிசிப்பியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் ஆர். லிஞ்ச் என்ற கறுப்பர், நேரில் கண்டதை வைத்து 1913இல் ஒரு மறுப்பு நூல் எழுதினார். துறைசார்ந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' திரைப்படம் வந்தது. கறுப்பின ஆட்சியைக் கேலிக்கூத்தாகவும் கிளான் கும்பலை மீட்பர்களாகவும் காட்டியது. குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே திரையிட்டார்கள். அப்போதைய தலைவர் உட்ரோ வில்சனே ஒரு வரலாற்றுப் பேராசிரியர். அவருடைய நூலிலிருந்து எடுத்த வாசகங்கள் படத்தில் ஓடின. செத்துக் கிடந்த கிளான் அதே ஆண்டு மீண்டும் எழுந்தது. 1929இல் கிளாட் பவர்ஸ் என்ற பத்திரிகையாளர் அதே கதையை 'தி டிராஜிக் எரா' என்ற பரபரப்பான நூலாக எழுதினார், விற்றுத் தீர்ந்தது. ஆய்வேடு, திரைப்படம், வெகுமக்கள் நூல், பள்ளிப் பாடநூல் என்று அந்தக் கதை படிப்படியாக இறங்கி, பத்து வயதுக் குழந்தையின் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது.

இருபத்தைந்து ஆண்டுகள் தட்டிய கதவு

டுபாய்ஸ் இதை 1935இல் திடீரென்று எதிர்க்கவில்லை. 1901லேயே விடுதலை பெற்றோருக்கான அரசுத் துறை பற்றி 'அட்லாண்டிக்' இதழில் எழுதினார். 1909 டிசம்பரில் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் கூட்டத்தில், மறுசீரமைப்புக் காலத்தால் விளைந்த நன்மைகள் என்று நேரடியாகவே தலைப்பிட்டு ஒரு கட்டுரை படித்தார். கறுப்பர் ஆட்சி தெற்குக்கு மூன்றைத் தந்தது என்றார்: மக்களாட்சி அரசு, இலவசப் பொதுப்பள்ளி, புதிய சமூகச் சட்டங்கள். டன்னிங்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், பாராட்டியும் பேசினார். பாடநூலில் ஒரு வரிகூட மாறவில்லை.

அந்தக் கட்டுரை 1910இல் சங்கத்தின் ஆய்விதழில் அச்சானது. அப்போது ஒரு சிறு தகராறு. ஆங்கிலத்தில் ஓர் இனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவது மரபு. கறுப்பர்களை அன்று குறித்த 'நீக்ரோ' என்ற சொல்லை மட்டும் சிறிய எழுத்தில் அச்சிடுவார்கள். பெரிய எழுத்தில் போடுங்கள் என்று டுபாய்ஸ் கேட்டார். இதழாசிரியர் மறுத்துவிட்டார். 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடே 1930இல்தான் பெரிய எழுத்துக்கு மாறியது. எங்களை எப்படி எழுத வேண்டும், எந்தப் பெயரால் குறிக்க வேண்டும் என்று போராடிக்கொண்டிருக்கிற நமக்கு இது சின்ன விஷயமாகப் படாது.

1929இல் 'பிரிட்டானிக்கா' கலைக்களஞ்சியத்தின் 14ஆம் பதிப்புக்கு அமெரிக்கக் கறுப்பர் பற்றி எழுதித் தரக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். மறுசீரமைப்புக் காலம் பற்றிய பகுதிகளை ஆசிரியர் குழு வெட்டியது. கறுப்பர்களின் விசுவாசமும் வாக்கும்தான் தெற்கைத் திரும்ப நாட்டோடு சேர்த்தன, பொதுப்பள்ளியைக் கொண்டுவந்தன என்ற கருத்தையாவது விட்டுவையுங்கள் என்றார். முடியாது என்றார்கள். கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதே ஆண்டில், அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த அன்னா ஜூலியா கூப்பர் அவருக்குக் கடிதம் எழுதினார். பவர்ஸ் நூலுக்கு ஒரு பதில் வேண்டும், அதை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மையாரின் தூண்டுதலையும் இந்தப் பெருநூலின் வரலாற்றில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புத்தகம் சொல்வது

வாசகருக்கான முன்குறிப்பிலேயே டுபாய்ஸ் தன் நிலையை அறிவித்துவிடுகிறார். கறுப்பரும் எல்லோரையும் போன்ற மனிதர்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன், அதை ஏற்காதவரை எந்தச் சான்றாலும் மாற்ற முடியாது, அதனால் என் வாசகர் தொகை குறையும் என்பதும் தெரியும் என்கிறார். அடிமை என்று தொடங்காமல் 'கறுப்புத் தொழிலாளி' என்று முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பு வைக்கிறார். இரண்டாவது வெள்ளைத் தொழிலாளி. மூன்றாவது தோட்ட முதலாளி. பரிதாபத்துக்கு உரியவர்கள் என்ற இடத்திலிருந்து உழைத்தவர்கள் என்ற இடத்துக்குத் தன் மக்களைத் தலைப்பிலேயே நகர்த்திவிடுகிறார்.

புத்தகத்தின் நான்கு வாதங்களை நம் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, விடுதலை யாரும் போட்ட பிச்சையில்லை. 1861 மே மாதம் மூன்று அடிமைகள் இரவில் படகேறி வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் இருந்த வடபடையிடம் தஞ்சம் புகுந்தார்கள். திருப்பி அனுப்ப மாட்டேன் என்று தளபதி பட்லர் சொன்னதும் செய்தி பரவியது. அடுத்தடுத்துக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இப்படித் தோட்டங்களைவிட்டு வெளியேறியவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்று டுபாய்ஸ் மதிப்பிடுகிறார். இதைப் பொது வேலைநிறுத்தம் என்று பெயரிட்டு ஓர் அத்தியாயமே எழுதினார். தெற்கின் பொருளாதாரம் அவர்கள் கைகளில் இருந்தது, கைகளை எடுத்துவிட்டார்கள். பிறகு ஏறக்குறைய 1,80,000 பேர் வடபடையில் சேர்ந்து போரிட்டார்கள். நாட்டைச் சேர்த்து வைக்கவே போர் என்று சொல்லிக்கொண்டிருந்த லிங்கனை 1863 ஜனவரி 1 விடுதலை அறிவிப்பு வரை நகர்த்தியதில் இந்தக் கால்நடைப் பயணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது, ஊழல் குற்றச்சாட்டு. கறுப்பர் ஆட்சியில் ஊழலே இல்லை என்று டுபாய்ஸ் சாதிக்கவில்லை. அதே காலத்தில் நியூயார்க்கில் ட்வீட் கும்பல் என்ன செய்துகொண்டிருந்தது, ரயில்வே பணம் யார் பைக்குப் போனது என்று கேட்கிறார். வெள்ளையர் திருடினால் திருடிய ஆளைத் திட்டுகிறார்கள், கறுப்பர் திருடினால் இனத்தையே தகுதியற்றது என்கிறார்கள். ஊழல் ஒழிப்பு நோக்கமாக இருந்திருந்தால் திருடர்களைத் தண்டித்திருப்பார்கள். வாக்குரிமையைப் பறித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, வெள்ளையன் என்ற கூலி. தெற்கின் வெள்ளைத் தொழிலாளிக்கும் கிடைத்தது குறைந்த கூலிதான். ஆனால் கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூலியும் கிடைத்தது என்கிறார் டுபாய்ஸ். தெருவில் மரியாதை, பூங்காவில் நுழைவு, நல்ல பள்ளி, காவல் துறையில் தன் ஆட்கள், நீதிமன்றத்தில் சலுகை. பணம் கூடவில்லை, கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிறைவு கூடியது. இந்தக் கூலிக்காக அவர்கள் கறுப்புத் தொழிலாளியோடு சேர மறுத்தார்கள். இருவருக்கும் கூலி உயரவில்லை. உழைக்கும் மக்களையே சாதி மேல்கீழாக அடுக்கி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டது இதற்கு அடுத்த ஆண்டு, 1936இல். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. இரண்டு நாடுகளில் ஒரே நோயை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

நான்காவது, நிலம். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கறுப்பர்களுக்கு ஒதுக்கினார். சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிர்செய்தார்கள். அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். வாக்கு இருந்தது, காலூன்ற மண் இல்லை. நிலமில்லாதவனின் வாக்கை அவனுடைய முதலாளியே மிரட்டிப் பறிக்க முடிந்தது. மறுசீரமைப்பு தோற்றதற்கு டுபாய்ஸ் காட்டும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

பூட்டிய அறைக்கு வெளியே நின்று எழுதியது

டன்னிங்கின் மாணவர்களுக்குத் தெற்கின் ஆவணக் காப்பகங்கள் திறந்திருந்தன. கறுப்பின ஆய்வாளர் அங்கே போய் உட்கார முடியாது. நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். இளம் வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் 1939இல் வட கரோலினா மாநிலக் காப்பகத்துக்குப் போனார். கறுப்பர் ஒருவர் ஆய்வுக்கு வருவார் என்று இந்தக் கட்டிடம் கட்டியபோது யாரும் நினைக்கவில்லை என்றார்கள். அவருக்கென்று தனி அறை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளைப் பணியாளர்கள் ஒரு கறுப்பருக்கு ஆவணம் எடுத்துத் தரும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகக் கிடங்கின் சாவியையே அவர் கையில் கொடுத்தார்கள். அவருக்கு மட்டும் இந்த வசதியா என்று வெள்ளை ஆய்வாளர்கள் புகார் செய்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இப்படியான நாட்டில் டுபாய்ஸ் எதை வைத்து எழுதினார்? நாடாளுமன்ற விவாதப் பதிவுகள், மாநில அரசியல் சட்ட அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகள், 1865இல் தெற்கைச் சுற்றிப் பார்த்த கார்ல் ஷுர்ஸ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, எதிரிகள் எழுதிய நூல்கள். எல்லாம் அச்சில் இருந்தவை, எல்லோரும் பார்க்கக் கூடியவை. டன்னிங் மாணவர்களின் நூல்களையே எடுத்து, அவர்கள் தேடித் தந்த தகவலையும் அவர்கள் வந்த முடிவையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். தகவல் ஒன்று சொல்கிறது, முடிவு வேறொன்று சொல்கிறது. நூலின் கடைசி அத்தியாயத்துக்கு 'வரலாறு என்னும் பிரச்சாரம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அன்று பள்ளிகளில் இருந்த பாடநூல்களைப் புரட்டி, கறுப்பர்கள் அறிவற்றவர்கள், சோம்பேறிகள், கெட்ட ஆட்சிக்குக் காரணமானவர்கள் என்று மூன்று பாடங்களையே அமெரிக்கக் குழந்தை கற்கிறது என்று பட்டியலிட்டார்.

அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழ் அந்த நூலுக்கு அன்று மதிப்புரைகூடப் போடவில்லை. துறை மனம் மாற இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. ஃபிராங்க்ளின் 1961இலும், கென்னத் ஸ்டாம்ப் 1965இலும் எழுதிய நூல்கள் டன்னிங் கதையை உடைத்தன. 1988இல் வந்த எரிக் ஃபோனரின் பெருநூலுக்குப் பிறகு டுபாய்ஸ் போட்ட பாதையே துறையின் பொதுப்பாதை ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. அரசு அவரை 1951இல் வெளிநாட்டு ஏஜென்ட் என்று வழக்குப் போட்டு நிறுத்தியது, வழக்கு தோற்றது. கடவுச்சீட்டையும் பல ஆண்டுகள் முடக்கியது. 1963 ஆகஸ்ட் 27இல் கானாவின் அக்ராவில் தம் 95ஆம் வயதில் இறந்தார். மறுநாள் வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் உரிமைப் பேரணி நடத்தினார்கள். வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது.

அம்பேத்கர் எழுதிய கடிதம்

1873இல், கோல்ஃபாக்ஸ் படுகொலை நடந்த அதே ஆண்டில், மகாத்மா ஜோதிராவ் ஃபுலே புனேயிலிருந்து 'குலாம்கிரி' நூலை வெளியிட்டு, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க நன்மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அங்கே விடுதலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே அது நம்பிக்கையாக வந்து சேர்ந்தது. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்தது கொலம்பியாவில். டன்னிங் அப்போதும் அங்கே பேராசிரியர்தான். கறுப்பர் ஆளத் தகுதியற்றவர் என்ற பாடம் உச்சத்தில் இருந்த பல்கலைக்கழகத்திலிருந்து, ஒடுக்கப்பட்டோருக்கு அரசியல் அதிகாரம் வேண்டும் என்ற உறுதியோடு ஒருவர் திரும்பி வந்தார்.

1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன், தீண்டப்படாதோர் நிலையும் கறுப்பர் நிலையும் மிகவும் ஒத்திருக்கின்றன என்று குறிப்பிட்டு, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பர் அமைப்பு கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டார். டுபாய்ஸ் ஜூலை 31 தேதியிட்டுப் பதில் எழுதினார். உங்கள் பெயரை அறிவேன், உங்கள் மக்கள்மீது எனக்குப் பரிவு உண்டு என்றார். 1947இல் டுபாய்ஸ் தொகுத்த இன்னொரு மனுவும் ஐ.நா.வுக்குப் போனது.

இதைக் கொண்டாடும்போது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டுபாய்ஸ் இந்தியாவை அறிந்தது பெரும்பாலும் லாலா லஜபதி ராய் போன்ற தேசியத் தலைவர்கள் வழியாக. 1928இல் அவர் எழுதிய 'டார்க் பிரின்சஸ்' நாவலின் கதாநாயகி ஓர் இந்திய இளவரசி. வெள்ளை உலகை எதிர்க்கும் இந்தியாவின் முகமாக அவருக்கு அரண்மனைப் பெண்தான் தெரிந்தாள், சேரியில் இருந்தவள் தெரியவில்லை. அவருடைய பெருநூலிலும் அடிமைப் பெண்களின் உழைப்பும் போராட்டமும் போதிய இடம் பெறவில்லை என்று பிற்காலப் பெண் ஆய்வாளர்கள் சரியாகவே காட்டியிருக்கிறார்கள். விடுபட்டவர்களை எழுதியவரிடமும் விடுபட்டவர்கள் உண்டு. அவரிடம் கற்ற கேள்வியை அவரிடமே கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். தகுதி இல்லாதவர்கள் கையில் பதவி போய்விட்டது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் கோபத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த அவை, என்ன தீர்மானம், எவ்வளவு செலவு, யார் பைக்குப் போனது என்று கேளுங்கள். பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். நம்மைப் பழித்து எழுதிய நூலாக இருந்தாலும் அடிக்குறிப்பு வரை படியுங்கள். அவர்கள் தேடித் தந்த தகவல் பல நேரம் நம் பக்கம் பேசும். பள்ளிப் பாடநூலை அற்பமென்று விடாதீர்கள். லூசியானாவில் ஏறத்தாழ 1,29,000 பேரின் வாக்கைப் பறித்தபோது நாடு வாய்மூடி இருந்தது. அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு அந்த மௌனத்தை வகுப்பறையில் கட்டிக் காத்தது பாடநூல்தான்.

படிப்பு வட்டம் நடத்தும் தோழர்கள் இந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். ஒரே அமர்வில் முடிக்கலாம். அடுத்த அமர்வுக்கு வரும்போது ஆளுக்கொரு பள்ளி வரலாற்றுப் பாடநூலைக் கையோடு எடுத்து வாருங்கள். நம்மைப் பற்றி அதில் எத்தனை வரி இருக்கிறது, அந்த வரிகளில் நாம் என்ன செய்கிறவர்களாக இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்து எழுதி வையுங்கள்.